ஒரு பக்கம் சாயும் பை

அத்தானுக்கு அந்தப் பைத்தியம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் பிடித்தது என்பாள் அக்கா. முன்னாலேயே பிடித்திருந்தால் தெரிந்துகொண்டு தப்பித்திருப்பேன் என்றும் சேர்த்துக்கொள்வாள். அத்தான் காதில் விழுந்தாலும் பதில் சொல்ல மாட்டார். பதில் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பஸ் டெப்போவில் பகலெல்லாம் சீட் தைத்துவிட்டு வருகிறவரிடம் அது மிச்சம் இருப்பதில்லை.

நான் அவர்களோடுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் கட்டிக் கொடுக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊசி முனைக்கு வெளிச்சம் கிடைக்கும், வீட்டில் நடப்பதும் கண்ணில் படும்.

டெப்போவின் பின்பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. பஸ்ஸிலிருந்து கழற்றிய சீட்டுகளை அங்கே மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். பிளேடால் கீறியது, சாவியால் நோண்டியது, சும்மா உட்கார்ந்து உட்கார்ந்தே இற்றுப்போனது. கிழிந்த ரெக்ஸினைப் பிரித்து, உள்ளே இருக்கும் பஞ்சை நிரவி, புதிதாகத் தைத்துக் கொடுப்பது அத்தானின் வேலை. ஒரு குவியல் குறைந்தால் மறுநாள் இன்னொரு குவியல் வந்து நிற்கும். தலைமுடியில் பஞ்சுத் தூளோடுதான் வீடு திரும்புவார். ஊசியைத் தள்ளித் தள்ளி வலது கட்டைவிரல் எந்நேரமும் வீங்கியே இருக்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றக்கூட இடது கையைத்தான் கூப்பிடுவார்.

டிரைவர் சீட்டுக்கு ஒட்டுப்போடப் பழைய சாமான் கடையிலிருந்து தோல் வாங்குவது வழக்கம். அப்படி வாங்கிய ஒரு கட்டுக்குள் வதங்கிய சுரைக்காய் மாதிரி ஒரு பொருள் கிடந்தது. வாய் பிளந்து, அதில் லேஸ் கோத்திருந்தது. என்னவென்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

“என்னங்க இது, யாரோட வயிறு?” என்றாள் அக்கா.

மறுநாள் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார். குத்துச்சண்டைக்காரர்கள் கை வேகத்துக்காகக் குத்திப் பழகும் பையாம். ஸ்பீடு பேக் என்பார்களாம். உள்ளே பந்துக்குப் போடுவது போல ரப்பர் பிளாடர் வைத்துக் காற்றடித்து, மேலே ஒரு வட்டப் பலகைக்கு அடியில் தொங்கவிட வேண்டுமாம். குத்தினால் பை பலகையில் முன்னும் பின்னும் மோதித் திரும்பி வரும். ஒரு குத்துக்கு மூன்று சத்தம். அப்புறம் அடுத்த குத்து.

அத்தான் ஃபுட்பால் பிளாடர் ஒன்றைத் திணித்து, ஊதி, மின்விசிறிக் கொக்கியில் மாட்டி ஒரே ஒரு குத்து விட்டார். போன வேகத்தில் திரும்பி வந்து அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அன்றோடு சரி. அதற்குப் பிறகு எந்தப் பையையும் அவர் குத்தி நான் பார்த்ததில்லை. தைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மூடிப்போன உடற்பயிற்சிக் கூடங்கள், பள்ளிக்கூடச் சாமான் அறைகள், பழைய சாமான் கடைகள் என்று எங்கெங்கிருந்தோ பைகள் வந்தன. நடு அறையில் சுவருக்குச் சுவர் கம்பி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டார். தெருவில் எங்கள் வீட்டுக்கு வௌவால் வீடு என்று பேர் வந்தது. “அவனவன் வீட்டுல போட்டோ மாட்டுறான், இவரு மாட்டையே மாட்டுறாரு,” என்று அக்கா வருகிறவர்களிடம் சொல்வாள். ஆனாலும் தூசி தட்டுகிறவள் அவள்தான்.

சீட் தைத்து அலுத்த கையால் மறுபடியும் எப்படி ஊசி பிடிக்க முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். சீட்டு நாளைக்கே கிழியும், இது கிழியாது என்று ஒருமுறை சொன்னார்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவருக்குப் பார்வை மங்கியதால் நூல் கோத்துக் கொடுப்பது நான்தான். முதலில் லேஸை உருவி, இற்றுப்போன ரப்பரைப் பிடுங்கிப் போடுவார். ஈரத் துணி சுற்றித் தோலை இளக்கி, அந்தச் சின்ன வாய் வழியாகவே கரண்டிக் காம்பால் தள்ளித் தள்ளி முழுப் பையையும் உள்பக்கம் வெளியாகப் புரட்டுவார். தையல் எல்லாம் உள்ளேதான் இருக்கும். பழைய நூலை உருவிவிட்டு, மெழுகு தேய்த்த நூலைப் பழைய துளைகளிலேயே விட்டுத் தைப்பார். புதுத் துளை போட மாட்டார். பிறகு மறுபடியும் புரட்டி, எண்ணெய் தடவி, காற்றடித்துத் தொங்கவிட்டு, தள்ளி நின்று பார்ப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் அலுப்பு இருக்காது.

ஒரு விஷயத்தில் பிடிவாதம் உண்டு. பையை வைத்திருந்தவர்கள் செய்த கைவேலை எதையும் விட்டுவைக்க மாட்டார். ஒட்டிய டேப், டயர் துண்டு, பூசிய பெயிண்ட், கிறுக்கிய எழுத்து, எல்லாம் போய்விட வேண்டும்.

“செஞ்சவன் எப்படி மாட்டிவிட்டானோ அப்படி இருக்கணும். நடுவுல வந்தவங்க போட்டதெல்லாம் அழுக்கு,” என்பார்.

ஒரு விடுமுறை நாளில், டெப்போவில் கண்டக்டராக இருக்கும் பெண் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தலையணை உறை. உள்ளே வந்ததும் தொங்கும் பைகளில் தலை இடித்து, “ஐயோ, ஸாரி,” என்று பையிடமே சொன்னாள். அக்காவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

உறைக்குள் இருந்தது கருத்துப்போன பழைய ஸ்பீடு பேக். ஒரு பக்கம் தையல் விட்டு வாயைப் பிளந்திருந்தது.

“எங்கப்பாவோடதுண்ணே. துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு. வேலைக்குப் போற காலத்துல இருந்து தினம் காலையில இதைக் குத்துவாரு. சர்க்கரை வந்து கண்ணு போயிடுச்சு. ஆனா குத்துறதை விடல.”

“கண்ணு தெரியாம எப்படிம்மா?” என்றாள் அக்கா.

“அவருக்குப் பார்க்க வேண்டியதில்லக்கா. சத்தம் போதும். காலையில இதைக் குத்தி முடிச்சாதான் மனுஷன் மாதிரி பேசுவாரு. கிழிஞ்சதுல இருந்து கட்டில விட்டு எறங்கல. சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தள்ளி விடுறாரு.” அத்தானைப் பார்த்தாள். “கிழிஞ்ச இடத்தை மட்டும் தைச்சுக் குடுத்தா போதும்ணே.”

அத்தான் தலையாட்டினார். ஆனால் பையைக் கையில் வாங்கியபோதே அவர் விரல் தையலைத் தேடவில்லை, அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் போனதும் ஈரத் துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். கறுப்புப் பாலிஷ் படலம் படலமாக வந்தது. அதற்குக் கீழே தோலில் அழுத்திய ஒரு சின்னக் குருவி முத்திரை. செய்தவரின் அடையாளம். அப்படி ஒரு பையை அவர் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

புரட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு பக்கத் தோலில், செருப்பு அடித்தோல் மாதிரித் தடித்த துண்டு ஒன்று தைத்திருந்தது. தையல் கோணல்மாணல். அதை ஒட்டி, மடித்த துணிச் சுருள் ஒன்றும் திணித்திருந்தது. அத்தான் உச்சுக்கொட்டினார். இவ்வளவு நல்ல பையில் இப்படி ஒரு அலங்கோலமா என்று அவருக்கு. துண்டைப் பிரித்துக் குப்பையில் போட்டார். துணிச் சுருளும் போயிற்று. ஒட்டு இருந்த இடத்துத் துளைகளில் மெழுகு அடைத்து, சாயம் தொட்டு மறைத்தார். நாலு பக்கத் தோலையும் முழுக்கப் பிரித்துத் திரும்பத் தைத்தார்.

“கிழிஞ்சதைத் தைக்கச் சொன்னா இவரு பிரசவம் பார்க்குறாரு,” என்றாள் அக்கா.

அவர் முடித்துக் காற்றடித்தபோது அக்காவே வாயடைத்துப்போனாள். பழுத்த மாம்பழ நிறத்தில், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் நின்றது.

கொடுக்கப் போகும்போது, மாட்டுவதற்கு ஸ்டூல் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். மாடிக் குடியிருப்பில் மூன்றாவது தளம். கிரேன்காரர் முன்னறையில் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அகன்ற தோள், ஒட்டிய கன்னம். பை வந்துவிட்டது என்று மகள் சொன்னதும் எழுந்து நின்றார். கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். உத்தரத்தில் போல்ட் அடித்த வட்டப் பலகைக்குக் கீழே தரையில் இரண்டு இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அவர் கால் நேராக அங்கே போய் நின்றது.

அத்தான் மாட்டிவிட்டு இறங்கினார். கிரேன்காரர் பையை இரண்டு கையாலும் மெதுவாகத் தடவினார். குத்தினார். மூன்று சத்தம் வந்தது. இரண்டாவது குத்து காற்றில் போனது. மறுபடி தொடங்கினார். பை அவர் மணிக்கட்டில் இடித்தது. மூன்றாவது தடவை காதோரம் உரசிப் போனது. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

“இது யாரோடது?” என்று கேட்டார்.

“உங்களோடதுதாங்க,” என்றார் அத்தான்.

“என் பை எனக்குத் தெரியாதா? கண்ணுதான் போச்சு, கை போகல. உங்க வீட்டுல வௌவால் மாதிரி நெறைய தொங்குதாமே? அதுல ஒண்ணைக் கழட்டி இங்க கொண்டாந்துட்டு, என்னோடதை அங்க மாட்டிட்டீங்க.”

“அப்பா!” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு. குருடன்தானே, எதைக் குடுத்தாலும் வாங்கிப்பான்னு நெனச்சிட்டாரு.”

அத்தான் முகம் வெளுத்துவிட்டது. அடிப்பக்கத்தில் குருவி முத்திரை இருக்கிறது, தடவிப் பாருங்கள், உங்கள் பையில் பாலிஷுக்கு அடியில் மறைந்திருந்ததுதான் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.

கிரேன்காரர் தடவினார். “என் பையில குருவியும் இல்ல, கொக்கும் இல்ல. இத்தனை வருஷம் வெச்சிருந்தவன் நான். இதுல இருக்குன்னா, அப்ப இது என்னோடது இல்லன்னு நீங்களே ஒத்துக்குறீங்க.”

அது அவர் பைதான் என்று காட்டக்கூடிய மேடு, கருப்பு, கோணல் ஒவ்வொன்றையும் அத்தானே பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டிருந்தார். கிரேன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தான் மடியில் பையை வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியபிறகு பேசினார்.

“உள்ளே இருந்துச்சே ஒரு துண்டு. அந்தப் பக்கம் கனமா இருந்திருக்கும். பை நேரா போயிருக்காது. சாஞ்சு சாஞ்சு போயிருக்கும். அவர் கை அதுக்குத்தான் பழகியிருக்கு.” பிறகு, “நான் நேரா ஆக்கிட்டேன்,” என்றார். உடம்பு சரியில்லாதவர் குரல் மாதிரி இருந்தது.

வீட்டில் அக்கா கொதித்துப்போனாள். “திருடன்னா சொன்னாரு? என் வீட்டுக்காரர் ஒரு ஊசிகூட டெப்போல இருந்து எடுத்துட்டு வந்ததில்ல. நான் வர்றேன், என்னைக் கூட்டிட்டுப் போங்க.” கொஞ்ச நேரத்தில் தணிந்து, “பாவம், கண்ணு தெரியாதவரு. என்னதான் பண்ணப் போறீங்க?” என்றாள்.

“பழைய மாதிரி ஆக்கணும்,” என்றார் அத்தான்.

குப்பை வண்டி எப்போதோ வந்து போய்விட்டது. அந்தத் துண்டு எவ்வளவு தடிமன், என்ன கனம் என்று எங்கள் இருவர் நினைவில் இருப்பதுதான் மிச்சம். பையைப் புரட்டி விளக்குக்குக் கீழே பிடித்தோம். அவர் அடைத்த மெழுகை நான் ஊசி முனையால் ஒவ்வொரு துளையாகத் தோண்டி எடுத்தேன். துண்டு இருந்த இடம் கோணலான ஒரு வட்டமாகத் தெரிந்தது. செருப்புத் தைப்பவரிடம் பழைய அடித்தோல் வாங்கி வந்து, அதே அளவுக்கு வெட்டி, அந்தக் கோணல் துளைகளிலேயே அத்தான் தைத்தார். நேராகத் தைத்தே பழகிய கை. கோணலாகத் தைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. டெப்போவில் அந்த மாதம் எல்லாப் பஸ்ஸையும் சோதனைக்கு அனுப்பும் நேரம். சீட் குவியல் கூரையைத் தொட்டது. விரலில் துணி சுற்றிக்கொண்டு வருவார். சாப்பிட்டுவிட்டு அந்தத் துணியோடே ஊசி எடுப்பார்.

முதல் தடவை கொண்டுபோனபோது கிரேன்காரர் எழுந்தே வரவில்லை. மகள் கெஞ்சி அழைத்து வந்தாள். ஒரு குத்து விட்டுவிட்டு, “இதுவும் இல்ல,” என்று போய்விட்டார். துண்டு கனம் பற்றவில்லை. அடுத்த தடவை கனம் கூடிப்போயிற்று. அதற்கடுத்த தடவை நாங்கள் படியேறும்போதே உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“திருடர் வந்துட்டாரா? டீ போடும்மா.”

திருடன், திருடர் ஆகியிருந்தது. அத்தான் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

அன்று கிரேன்காரர் கொஞ்ச நேரம் குத்தினார். “முதல் அடிக்குச் சரியாத்தான் போகுது. திரும்பி வர்றப்போ வழி தப்பிடுது,” என்றார். துணிச் சுருள் ஞாபகம் வந்து அத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். அதைப் பற்றிக் கேட்டதும் கிரேன்காரருக்கு முகம் மாறியது.

“உள்ளே துணி இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே எடுத்துப் போட்டேன்.”

கிரேன்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். நெடுநேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். கிரேன் மேல் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது, கப்பல் வராத நாளில் அவரே போட்ட ஒட்டாம் அது. பை உள்ளே கீறல் விட்டிருந்தது. வேறு தோல் கிடைக்காமல் தன் பழைய பூட்ஸை அறுத்துத் தைத்தார். கீழே இறங்கிக் குத்தினால் பை நொண்டியது.

“எனக்கும் எரிச்சலாத்தான் வந்துச்சு. தூக்கி எறியலாம்னு பார்த்தேன். அப்புறம் அது எந்தப் பக்கம் போகும்னு கையே கத்துக்கிச்சு. எவ்வளவு நாளாச்சுன்னு ஞாபகம் இல்ல. நாளாச்சு.”

“பூட்ஸ் தோலா?” என்றார் அத்தான். “நான் செருப்புத் தோல்னு நெனச்சேன்.”

“திருடினவருக்கு எதைத் திருடினோம்னு தெரிய வேணாமா?” என்றார் கிரேன்காரர். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அத்தானுக்குச் சிரிக்க வரவில்லை.

பூட்ஸ் தோல் தேடி அலைந்தார். டெப்போ மெக்கானிக் தூக்கிப் போட்ட பூட்ஸ் ஒன்று கிடைத்தது. அறுத்து, தைத்து, துணி மடித்து வைத்து, மறுபடி மூடினார். அடுத்த விடுமுறை நாளில் போனோம். முந்தின வாரம் முழுக்கக் கூடுதல் வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டே கண்ணயர்ந்தார். மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். பையை மாட்டிவிட்டு இறங்கியவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கிரேன்காரர் தன் இடத்தில் போய் நின்றார். குத்தினார். மூன்று சத்தம். அடுத்தது. மறுபடி மூன்று. பத்துப் பன்னிரண்டு குத்துக்குப் பின் ஒன்று தவறியது. கையால் பையை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினார். இந்த முறை நீண்டது. தட தட தட என்று பலகை அதிர, சன்னல் கம்பியில் காய்ந்த துணிகூட ஆடியது. மறுபடி தவறியது. மறுபடி தொடங்கினார். இடது காலைச் சற்று முன்னால் வைத்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். வியர்வை கழுத்தில் வழிந்தது. பை இன்னும் அவர் சொன்னபடி கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் அவர் கட்டில் பக்கம் போகவில்லை.

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தனை சத்தத்திலும் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருந்தார். வீங்கிய விரல் மடியில் கிடந்தது.

கிரேன்காரர் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. “என்ன, பேச்சையே காணோம்? போயிட்டாரா?”

கண்டக்டர் சமையலறையில் இருந்தாள். பதில் சொல்ல வேறு யாரும் இல்லை.

“தூங்கிட்டாருங்க,” என்றேன்.

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. “யாரு அது?”

“கொழுந்தியா. அவரோட சம்சாரத்துக்குத் தங்கச்சி.”

“எப்பல இருந்து வர்ற?”

“ஆரம்பத்துல இருந்தே வர்றேங்க.”

“அட, அதான் ஸ்டூல் தானா நகருதேன்னு பார்த்தேன்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எழுப்பாத. தூங்கட்டும். முழிச்சதும் சொல்லு. என் பை திரும்பி வர்றப்போ இடது பக்கம் கொஞ்சம் அதிகமா இழுக்குது. பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு விரக்கடை. அவருக்கு அலுப்பு தீர்ந்தப்புறம், ஒரு நாள் வந்து பாக்கச் சொல்லு. அவசரமில்ல.”

“என் பைன்னா சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“பின்ன, உன் பையா?” என்றார் அவர்.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஆடிக்கொண்டிருந்த பை மெல்ல நின்றது. மகள் டீயோடு வந்தபோது உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவள் எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு, அத்தானின் டம்ளரைத் தட்டு போட்டு மூடி, கை படாத தூரத்தில் தரையில் வைத்தாள்.